வீட்டுக்கு ஒரு வண்டி: வரவும் செலவும்

யாழ்ப்பாணத்து மக்களுக்கு மோட்டார் வண்டி புதிய பொருளன்று. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கில நாட்டு வண்டிகள் இக்குடாநாட்டின் தெருக்களிலே பல தலைமுறைகளாக ஓடின. 1990க்குப் பின் பெற்றோல் கிடைத்தற்கரியதாகிய காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பிவிட்டு, அதன்பின் மண்ணெண்ணெயில் வண்டியோட்டிய மக்கள் நாம். அத்தகைய இடத்திலே இன்று உயர்ந்த உடலும் குறுகிய நீளமும் உடைய குடும்ப வண்டிகள் முற்றந்தோறும் நிற்கின்றன. எஸ்.யூ.வி. என்று அவற்றை அழைக்கின்றனர். அழகு கண்டு வாங்குவோர் பலர். ஆனால் அவற்றோடு ஆண்டுக்கணக்கில் வாழ்வது எத்தன்மைத்து என்பதை அறிந்து வாங்குவோர் சிலரே. ஆதலின், ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தகைய வண்டியொன்றை வைத்திருக்கும் குடும்பத்தினர் என்ற முறையில், நாம் கண்டவற்றை வாசகர் முன் வைக்கின்றோம்.

எமது வீட்டில் உள்ளது ஹொண்டா வெசல். இவ்வகை 2013 டிசெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1496 கன சென்ரிமீற்றர் பெற்றோல் இயந்திரம் ஒன்றும், இலித்தியம் அயன் பற்றரியால் இயங்கும் மின்மோட்டார் ஒன்றும் சேர்ந்து இழுக்கும் ஹைபிரிட் வண்டி அது. ஜப்பானில் ஓடிக் கழிந்து வந்த 2014ஆம் ஆண்டு வண்டியை நாம் 2016இல் வாங்கினோம். ஆசிரியச் சம்பளத்தில் ஐந்தாண்டு தவணைப்பணம் கட்டுவதென்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றதே. வீட்டிலே ஒருவருக்கும் அதில் முழுச் சம்மதம் இருக்கவில்லை. ஆயினும் அன்னையாரின் முழங்கால் அத்தீர்மானத்தை எடுத்தது. தாழ்ந்த காரினுள் குனிந்து இறங்கவும், பின்னர் எழவும் அவரால் இயலவில்லை. இவ்வண்டியின் இருக்கையோ நாற்காலியின் உயரத்தது. பக்கவாட்டில் அமர்ந்து காலை உள்ளே திருப்பிக்கொண்டால் போதும். ஈராண்டாகக் கோயிலுக்குப் போகாதிருந்தவர் அவ்வாண்டுத் தேர்த் திருவிழாவுக்குச் சென்றார்.

இன்னொரு வசதியையும் கூறுதல் வேண்டும். எரிபொருள் தாங்கி முன்னிருக்கைகளின் கீழே அமைந்திருத்தலால், பின்னிருக்கையின் அடிப்பலகையைச் சுவரோடு சாய்ப்பது போல மேலே மடித்துவிடலாம். அவ்விடத்தில் மடித்த சக்கர நாற்காலி நிமிர்ந்து நிற்கும். வாங்கும்போது நாம் பொருட்படுத்தாத இவ்வமைப்பே பின்னாளில் எமக்குப் பெருந்துணையாயிற்று. குறையும் உண்டு. வண்டியின் அகலம் 1.77 மீற்றர். பழைய கார் எளிதிற் புகுந்த ஒழுங்கைகளில் இதன் கண்ணாடிகள் வேலியை உரசும். எங்கள் ஒழுங்கையில் எதிரே ஓர் உழவியந்திரம் வந்துவிட்டால், பின்னோக்கிச் செல்வதையன்றி வேறு வழியில்லை.

பெற்றோற் செலவைப் பற்றியே எல்லோரும் முதலிற் கேட்கின்றனர். ஜப்பானியப் பரிசோதனையில் இவ்வகைக்கு லீற்றருக்கு 27 கிலோமீற்றர் வரை சொல்லப்பட்டது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்குச் சென்றுவருகையில் எமக்குக் கிடைப்பது 14. ஏ9 வீதியில் அமைதியாகச் சென்றால் 17 அல்லது 18. இதில் வியப்பில்லை. பரிசோதனைச்சாலையில் எமது வெயிலும் இல்லை, குளிரூட்டியின் சுமையும் இல்லை, ஐவர் அமர்ந்த பாரமும் இல்லை. தடுப்பை மெல்ல மெல்ல அழுத்தும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பற்றரிக்கு மின்னூட்டுகின்றது. சடுதியாக மிதித்தாலோ அந்தச் சக்தியின் பெரும்பகுதி வெறும் வெப்பமாய்க் கழிகின்றது. எனவே முன்னே தூரத்தைப் பார்த்துப் பொறுமையாக ஓட்டுபவர்க்கே ஹைபிரிட் வண்டி இலாபம் தரும். அவசரக்காரருக்கு அது சாதாரண வண்டியே.

இவ்வண்டி எம் வீட்டில் இருந்ததன் பொருள் 2022ஆம் ஆண்டிலேதான் விளங்கிற்று. 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளின் விலை நாம் வாங்கிய விலையினும் மேலே ஏறியிருந்தது. விற்றுவிடுமாறு உறவினர் வற்புறுத்தினர். அப்பணம் மூத்த மகளின் படிப்புக்கு உதவியிருக்கும் என்பதும் உண்மையே. ஆனால் அன்னையாருக்குச் சிறுநீரகம் பழுதடைந்து, கிழமைக்கு இருமுறை நகரத்து வைத்தியசாலையில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்யவேண்டிய நிலை வந்திருந்தது. அவ்வாண்டு யூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. பணமிருந்தும் பெற்றோல் இல்லை. யூலையிலே கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என வரையறுக்கப்பட்டது.

அன்றிரவு மேசையில் அமர்ந்து நாம் கணக்கிட்டோம். நகரத்துக்கு ஒருவழித் தூரம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். இருமுறை போய்வர 132. அதற்கு ஒன்பதரை லீற்றர் வேண்டும். எஞ்சிய பத்தரை லீற்றரைத் தொடாது வைப்பதென்றும், பெற்றோல் வராத கிழமைக்கு அது காப்பாகும் என்றும் முடிவாயிற்று. பிள்ளைகளும் நாமும் துவிச்சக்கர வண்டியிற் பாடசாலை சென்றோம். பின்னிருக்கையிலே, அதே நோயுடைய அயலூரார் ஒருவரும் அந்நாட்களில் எம்மோடு வந்தார். ஒரு முறையேனும் சிகிச்சை தவறவில்லை. அன்னையார் 2024 மாசியில் இறைவனடி சேர்ந்தார். வண்டியை விற்றிருந்தால் மகளின் படிப்புக்குப் பணம் கிடைத்திருக்கும். அந்த ஒன்றரை ஆண்டு எமக்குக் கிடைத்திராது.

இனிப் பராமரிப்பைப் பற்றிச் சில சொற்கள். எமது கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடே வருவது. கேத்தலின் அடியில் வெண்படிவம் படிவதை இல்லத்தரசிகள் அறிவர். அந்நீரை றேடியேற்றரில் ஊற்றினால் அங்கும் அதுவே நிகழும். ஆகவே அதற்குரிய குளிர்த்திரவத்தையே ஊற்றுக. கழுவிய வண்டியை வெயிலிற் காயவிடாது துணியால் துடைத்துவிடுக. கடற்கரையை அண்டி வாழ்வோரும், பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவுகளுக்குச் செல்வோரும் அடிப்பாகத்தை நன்னீரால் அடிக்கடி கழுவுதல் வேண்டும். உப்புக்காற்று இரும்பைச் சத்தமின்றித் தின்றுவிடும்.

ஹைபிரிட் வண்டியின் பெரிய பற்றரிக்குக் குளிர்காற்றுத் தேவை. அது செல்லும் வழியைத் தூசி அடைத்தால் பற்றரி வெப்பமேறும். ஒருமுறை எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது, ஒரு கராஜில் புதுப் பற்றரியே போடவேண்டுமென்று பல இலட்சம் ரூபா கேட்டனர். நாம் இன்னொரு தொழிலாளரிடம் காட்டினோம். அவர் காற்றுவழியைத் திறந்து, செம்மண் தூசியைக் கைநிறைய எடுத்துக் காட்டினார். சுத்தஞ் செய்ததும் விளக்கு அணைந்தது. இன்றும் அதே பற்றரிதான். பெருஞ்செலவு சொல்லப்படும்போது இரண்டாவது கருத்துக் கேட்பது வைத்தியத்துக்கு மட்டும் உரியதன்று.

கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமற் செல்பவர் அரியர்; அந்நேரத்தில் வண்டியைச் சுற்றிவந்து நான்கு ரயர்களையும் பார்த்துவிடலாம். காற்றழுத்தத்தையோ புறப்படுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். இரவிலே வன்னி வீதியில் மாடுகள் படுத்திருக்கும். கறுத்த மாடு விளக்கொளியிற் படுமுன் வண்டி அதனிடம் போய்விடும். எனவே எம் வீட்டார் விடியலிலேயே புறப்படுவர். பின்னிருக்கையில் இருப்போரும் ஆசனப்பட்டி அணியாமல் வண்டி நகராது என்பது எம் வீட்டுச் சட்டம். பின்னே பட்டியின்றி இருப்பவர், மோதலின்போது முன்னிருப்பவர்மீதே எறியப்படுவார் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டால் சண்டையில்லை.

2025 பெப்ரவரி முதல் தனியார் வாகனங்களை இறக்குமதி செய்ய மீண்டும் வழி திறக்கப்பட்டது. எனவே இப்பேச்சு பல வீடுகளில் எழுந்துள்ளது. வாங்க நினைப்போருக்கு நாம் கூறுவது இதுவே: விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ரயர், பற்றரி ஆகியவற்றுக்கென மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்க இயலுமாயின் வாங்குங்கள். இயலாதாயின் இன்னும் ஈராண்டு பொறுங்கள். அயலார் வீட்டு முற்றத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் நடக்க இயலாதவர் யார், தூரத்துக்குப் போகவேண்டியவர் யார் என்று பார்த்து வாங்குங்கள். அவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி பழையதாயினும் வீட்டுக்கு இலாபமே.