51 மார்க்கு எடுத்தவர் பெயில்! 40 மார்க்கு எடுத்தவர் பாஸ்!

51 மார்க்கு வாங்கிய பையன் பெயில். 40 மார்க்கு வாங்கிய பையன் பாஸ். அச்சுப் பிழை அல்ல. தமிழ்நாட்டு பாலிடெக்னிக்கில் நடப்பதுதான்.

பத்தாவது வகுப்பு தேறியவர், 3 ஆண்டு படித்தால் என்ஜினீயரிங் டிப்ளமா வாங்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் நேரே 2-வது ஆண்டில் சேரலாம். ஆண்டுக்கு 2 செமஸ்டர். ஒவ்வொன்றின் முடிவிலும் அரசு தேர்வு.

2020 முதல் 2022 வரை முதலாண்டில் சேர்ந்தவர்களுக்கு உள்ள கணக்கைக் கேளுங்கள். இதற்கு "என் ஸ்கீம்" என்று பெயர்.

ஒரு பாடத்துக்கு மொத்தம் 100 மார்க்கு. இதில் 25 மார்க்கு கல்லூரியிலேயே போடுவது. இதுதான் "இன்டர்னல்". மீதி 75 மார்க்கு அரசு தேர்வுக்கு. தேர்வை 100-க்கு எழுதவேண்டும். பிறகு அதை 75-க்குக் குறைப்பார்கள். மொத்தத்தில் 40 வந்தால் பாஸ்.

ஆனால், ஒரு முடிச்சு இருக்கிறது. தேர்வுத்தாளில் மட்டும் தனியாக 100-க்கு 40 எடுத்தாகவேண்டும்!

ஒரு பையன் தேர்வில் 36 வாங்குகிறான். அது 27 ஆகிறது. இன்டர்னல் 24. கூட்டினால் 51. ஆனாலும் பெயில். 36, நாற்பதைத் தொடவில்லையே! இன்னொரு பையன் தேர்வில் 40. அது 30 ஆகிறது. இன்டர்னல் வெறும் 10. மொத்தம் 40. பாஸ்!

இன்டர்னல் கைவிடாது என்று நம்பி ஏமாறும் பிள்ளைகள் உண்டு. செய்முறைத் தேர்வு இன்னும் கண்டிப்பு. அங்கே 50 வேண்டும்.

வகுப்புக்கு 100 நாளில் 80 நாளாவது வரவேண்டும். கொஞ்சம் குறைந்தால் பணம் கட்டி அனுமதி கேட்கலாம். மிகவும் குறைந்தால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கவேண்டும்.

பெற்றோர் ஏமாறும் இடம் வேறு. பாடம் நின்றாலும் பையனை அடுத்த செமஸ்டருக்கு ஏற்றிவிடுவார்கள். "மகன் மூன்றாம் ஆண்டு போய்விட்டான்" என்று அப்பா ஊரெல்லாம் சொல்வார். முதலாண்டு கணக்குப் பாடம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும்! அதன் பெயர் "அரியர்".

எல்லாப் பாடமும் தேறி, ஒன்று மட்டும் நின்றாலும் டிப்ளமா கிடையாது. ரெயில்வே ஜூனியர் என்ஜினீயர் வேலைக்கு மனு போட முடியாது. பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் முடியாது. மூன்று ஆண்டு சம்பளம் கட்டியது கட்டியதுதான்.

ஏப்ரலில் போன பாடத்தை அக்டோபரில் எழுதலாம். அப்போது அந்தப் பருவத்துப் பாடங்களும் சேர்ந்து நிற்கும். ஆகவே, முதல் அரியரை முதலில் முடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

2023-ல் புதிய பாடத்திட்டம் வந்தது. அதில் கணக்கு வேறு. அந்தப் பிள்ளைகள் இந்த மார்க்கை வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்கவேண்டாம். கல்லூரி அலுவலகத்தில் தங்கள் விதியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மற்றவர்கள் இன்றைக்கே பையனின் மார்க்குச் சீட்டை வாங்கிப் பாருங்கள். மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பது பிறகு இருக்கட்டும். எந்தப் பாடம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.