அல்பினிசம்: தோலுக்கு முன்னே கண்

அல்பினிசம் என்பது மெலனின் என்னும் கருநிறமி பிறவியிலேயே உடலில் உருவாகாமல் போவதாலோ மிகக் குறைவாக உருவாவதாலோ ஏற்படும் மரபுவழி நிலையாகும். தோலும் தலைமுடியும் இமைமயிரும் வெளிறியிருப்பதால் அதை நிறம் சார்ந்த குறையாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதனுடன் வாழ்கிறவர்களின் படிப்பையும் வேலையையும் நடமாட்டத்தையும் பெரிதும் தீர்மானிப்பதோ கண்தான். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், வண்டலூர் என நீளும் சென்னையின் தென்புறநகரிலும், தமிழ்நாட்டின் பிற ஊர்களைப் போலவே, இத்தகைய குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் பேச்சு நிறத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. இரண்டு மூன்று மாதங்களில் குழந்தையின் விழிகள் இடவலமாக ஆடத் தொடங்கும்போதுதான் கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது.

மெலனினைச் செய்பவை மெலனோசைட்டுகள் எனப்படும் நிறமிச் செல்கள். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டைரோசினேஸ் என்ற நொதி படிப்படியாக மாற்றித் தரும்போது கருநிறமி கிடைக்கிறது. அல்பினிசம் உள்ளவரின் தோலில் இச்செல்கள் வழக்கமான எண்ணிக்கையிலேயே இருக்கின்றன. அவற்றுக்குள் நடக்க வேண்டிய வேதிவினை மட்டும் ஏதோ ஒரு படியில் நின்றுவிடுகிறது. ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட், பிறவி வளர்சிதைமாற்றக் கோளாறுகளைப் பற்றி 1908இல் நிகழ்த்திய புகழ்பெற்ற உரைகளில் எடுத்துக்காட்டிய நான்கு நிலைகளுள் அல்பினிசமும் ஒன்று. எந்தப் படி தடைபடுகிறது என்பதைப் பொறுத்து இந்நிலை பல வகையாகப் பிரிகிறது. டைரோசினேஸ் மரபணுவே பழுதானால் முதல் வகை. இரண்டாம் வகைக்குக் காரணமான மரபணு 15ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நான்காம் வகைக்கு எஸ்எல்சி45ஏ2 என்ற மரபணு காரணம். தோலும் முடியும் ஏறக்குறைய இயல்பாக இருக்க, கண்ணை மட்டும் தாக்கும் வகையும் உண்டு. அது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெரும்பாலும் ஆண்களிடமே காணப்படுகிறது.

வெண்புள்ளியுடன் இதைக் குழப்பிக்கொள்வது நம்மிடையே சாதாரணம். வெண்புள்ளி பெரும்பாலும் பிறந்து பல ஆண்டுகள் கழித்து, நிறமிச் செல்களே அழிவதால் திட்டுத்திட்டாகத் தோன்றுவது. அல்பினிசமோ பிறக்கும்போதே உடல் முழுவதும் இருப்பது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் இரண்டுக்குமே பொருந்தாது. தாம்பரத்திலிருந்து இயங்கிவரும் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் அந்த அச்சத்தைப் போக்க நெடுநாள் உழைத்திருக்கிறது; அதே அளவு பொதுக்கவனம் அல்பினிசத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கண்ணுக்கும் நிறமிக்கும் உள்ள தொடர்பை விளக்கும் சான்று ஒன்று தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் மக்கள் கூட்டமாக நின்று பார்க்கும் வெள்ளைப் புலிகளின் வம்சத்தில் இருக்கிறது. வெள்ளைப் புலி முழுமையான அல்பினிச விலங்கு அன்று. அதன் உடலில் கரும்பழுப்பு வரிகள் இருக்கின்றன, கண்கள் நீலமாக இருக்கின்றன. ஆயினும் அதன் வெண்மைக்குக் காரணம் மனிதரில் நான்காம் வகை அல்பினிசத்தை உண்டாக்கும் அதே எஸ்எல்சி45ஏ2 மரபணுவில் நேர்ந்த ஒரேயொரு மாற்றம்தான் என்று 2013இல் கண்டறியப்பட்டது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1973இல், கில்லரி, காஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெள்ளைப் புலி ஒன்றின் மூளையை ஆராய்ந்து, கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் வழிமாறிச் சென்றிருப்பதை விவரித்திருந்தார்கள். வெள்ளைப் புலிகள் பலவற்றுக்கு மாறுகண் அமைவதன் பின்னணி இதுவே.

மனிதக் கண்ணிலும் இதுவே நிகழ்கிறது. இயல்பான கண்ணில் விழித்திரையிலிருந்து புறப்படும் நரம்பிழைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை எதிர்ப்புற மூளைக்குக் கடந்து செல்ல, மற்றவை தம் பக்கத்திலேயே தங்கிவிடுகின்றன. இரு கண்களின் காட்சியையும் ஒப்பிட்டு மூளை ஆழத்தை உணர்வது இந்தப் பங்கீட்டால்தான். கரு வளரும்போது விழித்திரையின் நிறமி அடுக்கில் மெலனின் போதாமல் இருந்தால், தங்க வேண்டிய இழைகளிலும் பல மறுபக்கம் போய்விடுகின்றன. கூர்ந்த பார்வைக்குரிய மையக்குழி என்ற நுண்பகுதியும் முழுமையாக உருவாவதில்லை. இவ்விரண்டும் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும் கட்டமைப்பு மாற்றங்கள் என்பதால் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுமையடைவதில்லை. இதைப் பெற்றோருக்குத் தொடக்கத்திலேயே விளக்கிச் சொல்லிவிட்டால் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து பணத்தையும் மனத்தையும் தொலைப்பது மிச்சமாகும். அதற்காகக் கண்ணாடி வேண்டாம் என்றாகாது. இவர்களில் பலருக்குக் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ சிதறல் பார்வையோ சேர்ந்தே இருப்பதால், சரியான கண்ணாடி இருக்கும் பார்வையை நன்றாகப் பயன்படுத்த உதவும்.

வகுப்பறையில் இந்தக் கண்ணின் நடத்தையை ஆசிரியர் அறிந்திருப்பது மருந்தைவிடப் பயன் தரும். ஆடும் விழிகள் ஏதோ ஒரு கோணத்தில் பார்க்கும்போது மட்டும் ஓரளவு அடங்கி நிற்கும். பிள்ளை அந்தக் கோணத்தைத் தானாகவே கண்டுபிடித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பியோ தாடையைத் தாழ்த்தியோ கரும்பலகையைப் பார்க்கும். "நேராப் பாரு" என்று தலையைத் திருத்திவிடுகிற ஆசிரியர், அறியாமலேயே அதன் எழுத்தைக் கலைத்துவிடுகிறார். முகம் வலப்புறம் திரும்பும் பிள்ளையைப் பலகைக்கு நேரே உட்கார வைக்காமல், அந்தத் திருப்பத்துக்கு ஏற்ற ஓரத்தில் முன்வரிசையில் உட்கார வைத்தால் கழுத்து வலியும் குறையும். சன்னலுக்கு முதுகு காட்டும் இருக்கை, மினுமினுக்காத தாள், வெள்ளைப் பலகைக்குப் பதில் கரும்பலகை ஆகியவை செலவில்லாத ஏற்பாடுகள். புத்தகத்தின் மேல் கவிழ்த்து வைத்து வரிவரியாக நகர்த்தும் அரைக்கோளக் கண்ணாடிக் கட்டி, எழுத்தைப் பெரிதாக்குவதோடு சுற்றியுள்ள ஒளியையும் அந்த வரியின் மேல் குவிப்பதால் சிறுவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகிறது. தொலைவுக்கு ஒற்றைக்கண் தொலைநோக்கி உண்டு. வளர்ந்தவர்கள் கைப்பேசிக் கேமராவை நாடுகிறார்கள். ஜிஎஸ்டி சாலையில் வரும் பேருந்தின் எண்ணையும் தாம்பரம் ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகையையும் படமெடுத்து, விரல்களால் பெரிதாக்கிப் படிப்பது அவர்களுக்கு அன்றாட வழக்கம்.

அடுத்தது வெயில். கண்ணின் ஐரிஸ் திரையிலும் நிறமி குறைவாக இருப்பதால் ஒளி அதன் வழியாகவே ஊடுருவிக் கண்ணைக் கூசவைக்கிறது. தோலுக்கோ புறஊதாக் கதிரைத் தடுக்கும் கவசம் இல்லை. சென்னையின் தென்புறநகர் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. கத்திரி தொடங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது தவறு, ஏனெனில் புறஊதாக் கதிர் வெப்பத்தைப் பின்பற்றுவதில்லை. மார்ச் மாதத்து இதமான முற்பகலிலும் அது கடுமையாக இருக்கும், மெல்லிய மேகத்தையும் கடந்து வரும். கோவளம் கடற்கரையின் உலர்ந்த மணல் அதில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் திருப்பி வீசுவதால் குடை மட்டும் போதாது. முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, குளிர்கண்ணாடி, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத களிம்பு எல்லாம் வேண்டும். திறந்த வெளியில் நடக்கும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இப்பிள்ளைகளை நிழலில் நிற்க விடுவதும் சீருடையில் முழுக்கையை அனுமதிப்பதும் சலுகைகள் அல்ல. பிற்காலத் தோல் புற்றுநோயைத் தவிர்க்கும் தடுப்பு முறைகள். ஆறாத புண்ணோ தடிப்போ தோன்றினால் உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எளிதில் கன்றிப்போதலோ நிற்காத ரத்தக் கசிவோ சேர்ந்திருந்தால், 1959இல் ஹெர்மான்ஸ்கி, புட்லாக் என்ற மருத்துவர்கள் விவரித்த அரிய வகையாக இருக்கக்கூடும் என்பதால், பல் பிடுங்குவதற்கு முன்னர்கூட அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

குழந்தையின் நிறத்துக்காகத் தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம், கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பதில் தொடங்கி அவளது ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது வரை போகிறது. இதைவிடக் கொடிய அநீதி இந்த விஷயத்தில் வேறில்லை. தோல், கண் இரண்டையும் பாதிக்கும் வகைகளில் தாய், தந்தை இருவருமே பழுதான மரபணுவில் ஒரு படியை, தமக்கு எந்த அறிகுறியும் இல்லாமல், சுமந்திருந்தால்தான் குழந்தைக்கு அது வெளிப்படும். அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பேற்றிலும் அதற்கான வாய்ப்பு 4இல் 1. மாமன் மகளும் அத்தை மகனும் தம் மரபணுக்களில் சராசரியாக 8இல் ஒரு பங்கையும், தாய்மாமனும் அக்காள் மகளும் 4இல் ஒரு பங்கையும் பகிர்ந்துகொள்வதால் உறவுத் திருமணத்தில் அந்த இரு படிகளும் சந்திப்பது எளிதாகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இத்தகைய திருமணங்கள் தமிழ்நாட்டில் 28 விழுக்காடாக, நாட்டிலேயே மிக அதிகமாகப் பதிவாயின. இதற்கு மறுமுனையில், அல்பினிசம் உள்ள இருவர் மணந்து இயல்பான நிறமுள்ள குழந்தைகளைப் பெற்றதை ஆங்கிலேயக் கண் மருத்துவர் ட்ரெவர்-ரோப்பர் 1952இல் பதிவு செய்தார். கணவனுக்கும் மனைவிக்கும் பழுதானவை வெவ்வேறு மரபணுக்களாக இருந்தால், ஒருவரிடம் இல்லாததை மற்றவர் தந்துவிடுவார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் அல்பினிசம் தனிப்பெயராக இல்லை. குறைபார்வை என்ற பிரிவின் கீழ்தான் சான்று கிடைக்கிறது. கண்ணாடி அணிந்த பிறகும் இரு கண்களின் பார்வையும் 6/24 முதல் 6/60 வரை இருந்தால் 40 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டு, கல்வி, வேலை ஒதுக்கீட்டுக்கும், தேர்வில் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரத்துக்கும் வழி பிறக்கிறது. 6/18 வரி வரை படித்துவிடும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. அந்தப் பிள்ளை எழுத்துகளைப் படித்துக் காட்டியது வெளிச்சம் அளவாக உள்ள அறையில், ஒரு கண்ணை மூடி, வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொண்டு, தனக்கு உகந்த கோணத்தில் தலையைத் திருப்பி. அதே பிள்ளை நண்பகலில் ஜிஎஸ்டி சாலையைக் கடக்கும்போது எவ்வளவு பார்க்கிறது என்பதை அந்தக் கண் பரிசோதனை எழுத்து அட்டை அளப்பதில்லை. ஒளிக்கூச்சத்தில் பார்வை எவ்வளவு சரிகிறது என்பதை அளக்கும் முறைகள் கண் மருத்துவத்தில் ஏற்கெனவே இருக்கின்றன; அவற்றைச் சான்று வழங்கும் விதிகளில் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.