பொழுது போதவில்லை!

ஓய்வு பெற்றவரைக் கண்டால் தெரிந்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பொழுது எப்படிப் போகிறது?" கேட்பவர் முகத்தில் கொஞ்சம் அனுதாபமும் தெரியும். 2013-ல் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு மும்பையில் இந்தக் கேள்வி பழகிவிட்டது. காலை 8.12 லோக்கலைப் பிடிக்க முப்பது வருடம் ஓடியவனுக்கு, இனி ஓட வேண்டாம் என்பதே முதல் ஆறு மாதத்துக்குப் போதுமான சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன: பழைய பாட்டு, ஒரு நாய், ஒரு காமிரா, வார இறுதியில் புனேயிலிருந்து வரும் பேத்தி. எதற்கும் பெரிய செலவு கிடையாது. பொறுமை மட்டும் வேண்டும். ஓய்வை எதிர்நோக்கியிருக்கும் வாசகர்களுக்கு ஏதாவது ஒரு வகையில் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

இருநூற்றுப் பத்து மணி நேரம்

மாதுங்கா, சயான் பக்கத்துத் தமிழர்களுக்கு ஷண்முகானந்தா அரங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1952-ல் சபா தொடங்கியது. 1963-ல் அரங்கம் எழுந்தது. 1990-ல் தீ விபத்து. 1998-ல் மீண்டும் திறப்பு. இடையில் அந்த எட்டு வருடம் எங்களுக்கு வறட்சிக் காலம். அப்போது கைகொடுத்தவை காசெட்டுகள். மாதம் ஒன்று, இரண்டு என்று வாங்கியதும், நண்பர்களிடம் இரவல் பெற்றுப் பதிவு செய்ததுமாக 140 சேர்ந்துவிட்டன. எல்லாம் 90 நிமிடக் காசெட்டுகள்.

மும்பை மழைக்காலம் காசெட்டுக்குப் பரம விரோதி. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். இனியும் தாமதித்தால் ஒன்றும் மிஞ்சாது என்று, அவற்றைக் கணினிக்கு மாற்றத் தொடங்கினேன். டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான். ஆனால் 90 நிமிடக் காசெட்டை மாற்ற 90 நிமிடம் ஆகும். அவசரப்படுத்தவே முடியாது. 140 காசெட்டுக்கு 210 மணி நேரம். இந்த வேலைக்கு ஓய்வு பெற்றவனை விட்டால் வேறு யார் கிடைப்பார்கள்?

எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் எம்.டி.ராமநாதன் கட்சி. அந்த மந்தர ஸ்தாயிக் குரலும் நிதானமான சவுக்க காலமும் கடிகாரத்தைப் பார்க்காதவனுக்கே உரியவை. என் மனைவி மதுரை மணி ஐயர் கட்சி. "உங்க ஆளு ஒரு வரி பாடி முடிக்கறதுக்குள்ள எங்க ஆளு பத்து ஆவர்த்தனம் சுரம் பாடிருவாரு" என்பாள். சமாதானத்துக்கு, இருவருக்கும் பொதுவாக காருக்குறிச்சி அருணாசலம். திருநெல்வேலிச் சீமைக்காரர்களான எங்களுக்கு அந்த நாகஸ்வரம் ஊர்க் கோயில் வாசலையே கொண்டுவந்து நிறுத்தும். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, 1964-ல் மறைந்துவிட்ட கலைஞர். பதிவுகள் மட்டும் இல்லையென்றால் என் தலைமுறைக்கே அவர் வெறும் பெயராகப் போயிருப்பார்.

ராஜா வந்த கதை

ஒரு ஜூலை மழையில் எங்கள் கட்டட வாசலில் ஒதுங்கிய தெரு நாய்க்குட்டி அப்படியே தங்கிவிட்டது. மணி என்று பெயர் வைக்கலாம் என்றேன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை, அது அவளுடைய மணி ஐயரின் பெயராம்! ஆகவே ராஜா.

சொஸைட்டியில் முதலில் முணுமுணுப்பு எழுந்தது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றார்கள். வீட்டுப் பிராணி வளர்ப்பதைக் குடியிருப்புச் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட அறிவுரையின் நகலை எடுத்துக் கொடுத்தேன். சட்டம் பேசியதோடு நிற்காமல், வெளியே போகும்போது சங்கிலி, கையில் பழைய செய்தித்தாள், ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழ் என்று நம் பங்கையும் ஒழுங்காகச் செய்ததில் முணுமுணுப்பு அடங்கியது. மழைத் தண்ணீர் தேங்கும் ஊர் என்பதால் லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசியும் வருடாவருடம் உண்டு.

நம் வீடுகளில் மிச்சமான சாம்பார் சாதத்தை நாய்க்குப் போடுவது வழக்கம். அது வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் ஆகாது. ராஜாவுக்கு உப்பில்லாத தயிர் சாதமும் முட்டையும்தான். நாகஸ்வரம் ஒலித்தால் எங்கிருந்தாலும் வந்து ஸ்பீக்கர் அருகில் படுத்துக்கொள்வான். ரசனையா, இல்லை அங்கே மின்விசிறிக் காற்று நன்றாக வருகிறதா என்பது அவனுக்கே வெளிச்சம்.

பன்னிரண்டு படக் காலம்

என் முதல் காமிரா ஆக்ஃபா கிளிக் 3. ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டே படம். வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று இரண்டே அளவுகள். அதனால் விரலை அழுத்துமுன் பத்து முறை யோசிப்போம். இன்று டிஜிட்டல் காமிராவில் கணக்கில்லை. இருந்தும் ஒரு காலைக்குப் பன்னிரண்டு படம்தான் என்று எனக்கு நானே வரம்பு வைத்திருக்கிறேன். குளிர்காலத்திலிருந்து மழை தொடங்கும் வரை தாணே கடற்கழிக்கு வரும் பூநாரைகளைப் பார்க்கப் போகும்போதும் இதே கணக்குதான். நீர் வற்றிச் சேறு வெளிப்படும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போனால், இளஞ்சிவப்புக் கூட்டத்தை ஆற அமரக் காணலாம். உண்ணும் பாசியிலும் சிற்றுயிரிலும் உள்ள நிறமிதான் அவற்றுக்கு அந்த நிறத்தைத் தருகிறது.

காமிராவைப் பீரோவில் வைக்காதீர்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள்.

பெயர் தெரியாத முகங்கள்

காமிரா மோகம்தான் என்னைப் பரண் மேலிருந்த தகரப் பெட்டிக்குக் கொண்டுபோயிற்று. அம்மா விட்டுச்சென்ற பெட்டி. உள்ளே நூற்றுக்கு மேல் பழைய படங்கள். முகங்கள் தெரிகின்றன, பெயர்கள் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல இருப்பவர் ஒரே ஒருவர்: பாளையங்கோட்டையில், மகன் வீட்டில் இருக்கும் என் சித்தி. வயது 89. கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது.

ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். பேத்தி படங்களை ஸ்கேன் செய்து செல்போனில் அனுப்புவாள். அங்கே தம்பி ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் காட்டுவான். சித்தி சொல்லச் சொல்ல இங்கே எழுதிக்கொள்வோம்.

1951-ல் மாமா கல்யாணத்தில் எடுத்த குழுப்படம் ஒன்று. நாற்பத்தொரு பேர். முன்வரிசையில் அம்மா, மடியில் ஒரு பெண் குழந்தை. யாரோ உறவுக்காரக் குழந்தை என்றே நான் எண்ணியிருந்தேன்.

"அது உங்க அக்கால்லா!" என்றார் சித்தி. "உனக்கு மூத்தவ. மறு வருசம் காய்ச்சல்ல போயிட்டா. உங்கம்மா அதுக்கப்புறம் அவ பேரையே எடுத்ததில்ல."

நான் பிறந்தது 1953-ல். எனக்கு முன் ஒரு அக்கா இருந்தது எழுபது வயதுக்கு மேல்தான் தெரிய வருகிறது. ஆச்சியின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்களாம். என் மகள் பிறந்தபோது, அதே பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். மாமியார் மீது இவ்வளவு பக்தியா என்று அப்போது வீட்டில் கேலி பேசினோம். அம்மா சிரித்தாளே தவிர, பதில் சொல்லவில்லை.

பேத்தி மும்பையில் பிறந்து புனேயில் படிப்பவள். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. படங்களின் பின்புறம் பெயர் எழுதும் சாக்கில்தான் அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து வருகிறேன். பெரியத்தை, சின்ன மாமா, வண்டிக்காரத் தாத்தா என்று உறவுகளையே பாடமாக வைத்து எழுத்துக்கூட்டுகிறாள். அன்று அக்காவின் பெயரை மெல்ல எழுதி முடித்துவிட்டு, "இது அம்மா பேர்தானே, தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நாற்பத்தொரு பேரில் இதுவரை இருபத்தாறு பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் மற்றவர்களையும் நேரில் கேட்டுவிட உத்தேசம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். படங்களைப் பிசின் தடவிய ஆல்பத்திலிருந்து எடுத்து, காகித உறையில் போடுங்கள். பின்புறம் பெயரை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஊரில் இருக்கும் மூத்தவருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் செய்யுங்கள். படம் இன்னும் ஐம்பது வருடம் இருக்கும். சொல்லத் தெரிந்தவர் இருக்க வேண்டுமே!