மணாலியில் விழுந்தால் ஏனாத்தூரில் எழலாம்!

நோட்டீஸ் போர்டில் 'ஐ.வி.' என்று ஒரு பேப்பர் ஒட்டினால் போதும், ஏனாத்தூர் ஹாஸ்டல்கள் களைகட்டிவிடும். பேருக்கு ஒரு ஃபேக்டரி. மற்றபடி டெல்லி, ஆக்ரா, குலு-மணாலி! காஞ்சிபுரம் வெயிலில் காய்ந்த நமக்குப் பனியைப் பார்த்தால் தலைகால் புரியுமா? சோலாங் பள்ளத்தாக்கில் வாடகை பூட்ஸை மாட்டி, பத்தே நிமிஷ டிரெயினிங்கில் சறுக்கக் கிளம்பிடுவோம். அப்புறம்... தொபுக்கடீர்!

போட்டோவில் பார்க்க காமெடிதான். ஆனால் விழும்போது முழங்காலுக்குள் 'டப்' என்று சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், நின்றால் கால் நழுவுகிற உணர்வு... இதெல்லாம் இருந்தால் சிரிக்காதீங்க.

உள்ளே என்ன ஆச்சு?

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் நார்தான் 'ஏ.சி.எல்.' 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சறுக்குப் பலகை ஒரு பக்கமும் உடம்பு இன்னொரு பக்கமும் திரும்பினால், முறுக்கு மொத்தமும் முழங்காலில் இறங்கும். விழும்போது பூட்ஸ் தானாகக் கழன்றுகொள்ள பலகையில் ஒரு பூட்டு உண்டு. எடை, உயரம், வயசு, அனுபவம் பார்த்து அதைத் திருகி வைக்கணும். முந்தைய ஆளுக்கு வைத்த அளவிலேயே நீங்களும் கிளம்பினால், கழல வேண்டிய நேரத்தில் கழலாது! ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில். கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டுக்குத்தான் அடி.

அங்கேயே செய்ய வேண்டியது

* 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' வேண்டவே வேண்டாம்.
* துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிஷம் வையுங்க. கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்க.
* முதல் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்து நீவுவது, வெந்நீர் ஒத்தடம் கூடாது.
* காலை ஊன்றவே முடியவில்லை, விரல் மரத்துப்போகுது என்றால் உடனே அங்கேயே மருத்துவமனை.
* ஊருக்கு ஒன்றரை நாள் ரயில். கணுக்காலை அசைத்துக்கொண்டே வாங்க.

ஊருக்கு வந்ததும்...

வீட்டில் திட்டுவாங்க என்று மறைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. 'புத்தூர் கட்டு போடலாமா?' என்று ஹாஸ்டலில் பட்டிமன்றமே நடக்கும். ஆனால் அடி எலும்பில் இல்லை, மச்சி! எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எலும்பு டாக்டர் கையால் அசைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எழுதுவார். ஏனாத்தூரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கே! சும்மா விட்டால் கால் அடிக்கடி மடங்கி, உள்ளே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பும் கிழியலாம்.

'கிழிஞ்சா ஆபரேஷன்தானா?' என்று பயப்படாதீங்க. ஸ்வீடனில் 121 இளைஞர்களிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. முதலில் பிசியோதெரபி தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டு வருஷத்துக்குள் ஆபரேஷனே தேவைப்படவில்லை. ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும், பிசியோ கட்டாயம். ஏன்னா, அடிபட்ட காலின் தொடைத் தசை சில வாரங்களிலேயே மெலிந்துவிடும்.

முழங்காலுக்கு அடியில் டவலைச் சுருட்டி வைத்து அழுத்துவது, குதிகாலை இழுத்து மடக்குவது, காலை நேராகத் தூக்குவது... ஆரம்பம் போரடிக்கும். அப்புறம் ஒற்றைக் காலில் நிற்பது, கடைசியில் குதிப்பது. எதை எப்போது என்பதைப் பிசியோதான் சொல்லணும்.

ஆபரேஷன் ஆனவங்க மாட்டுவது மூன்றாவது மாசத்தில்தான். வலி போயிடும், கை கிரிக்கெட் பேட்டைத் தேடும். உள்ளே வைத்த புது நாருக்கு இன்னும் பலம் வந்திருக்காது! நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-ல் சொன்ன கணக்கு இது: 9 மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், முழங்கால் மறுபடி அடிபடும் வாய்ப்பு சுமார் பாதி குறைந்தது.

அமெரிக்காவின் பனிச்சறுக்கு ராணி லிண்ட்சே வானுக்கும் 2013 பிப்ரவரியில் இதே ஜவ்வு கிழிந்தது. அதே வருஷம் நவம்பரில் அதே முழங்காலில் மறுபடி அடி. 2014 சோச்சி ஒலிம்பிக்ஸ் போச்சு. மறுபடி பயிற்சி, 2018 பியோங்சாங்கில் வெண்கலம்!

நமக்கு மெடல் வேண்டாம். வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திகிரிக்கு 24 படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குப் பரீட்சை. யாரையும் பிடிக்காமல், விந்தாமல் இறங்கும் நாளில் பெருமாளுக்கு ஒரு கும்பிடு, பிசியோவுக்கு ஒரு தேங்க்ஸ்.

கிரிக்கெட் பேட்டா? அதுக்கு இன்னும் நாள் இருக்கு பாஸ்!