வளரும் கை, மாறாத வரி

ஐந்து மாதப் பேத்தியின் கையைத் தாளில் பதிக்க உட்கார்ந்தோம். தட்டில் குழந்தைகளுக்கான சிவப்புச் சாயம், பக்கத்தில் கெட்டித் தாள், துடைக்க ஈரத்துணி எல்லாம் தயாராக இருந்தன. கைதான் திறக்கவில்லை. கட்டைவிரலை மெல்லப் பிரித்தால் மற்ற நான்கும் இறுகின. சுண்டுவிரலைத் தொட்டால் என் விரலையே பிடித்துக்கொண்டாள். "இழுக்காதம்மா, புறங்கையைத் தடவிக்கொடு" என்றாள் மகள். தடவினேன். விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அந்த இரண்டு மூன்று நொடிக்குள் உள்ளங்கையில் சாயத்தை ஒற்றித் தாளில் வைத்து எடுத்தோம்.

நான்கு விரலும் பாதிக் கட்டைவிரலும் விழுந்திருந்தன. உள்ளங்கையின் குறுக்கே சாயம் படாத இரண்டு வெள்ளைக் கோடுகள். இவ்வளவுதான் அந்தப் பதிவு. ஆனால் அதை மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தபோது, அந்தச் சிறு தாளில் எத்தனை கதைகள் இருக்கின்றன என்று மலைத்துப்போனேன்.

முதல் கதை அந்த மூடிய கையே. பச்சைக் குழந்தையின் உள்ளங்கையில் எதை வைத்தாலும் அது பற்றிக்கொள்ளும். அது யோசித்துச் செய்வதல்ல; உள்ளங்கையில் படும் அழுத்தத்துக்கு நரம்புகள் தாமாகவே தரும் பதில். தாயின் வயிற்றில் நான்காம் மாதவாக்கிலேயே இது தொடங்கிவிடுகிறது. குரங்குக் குட்டி தாயின் ரோமத்தைப் பற்றிக்கொண்டே கிளைக்குக் கிளை போகிறதே, அந்தப் பழைய பிடியின் மிச்சம் இது என்று உயிரியலாளர்கள் கருதுகிறார்கள். மூளையின் மேல்பகுதி முதிர முதிர, ஐந்தாறு மாதத்தில் இந்தப் பிடி தளர்ந்து, வேண்டும்போது பிடிக்கவும் வேண்டும்போது விடவும் குழந்தை கற்றுக்கொள்கிறது. அதனால்தான் முதல் சில மாதங்களில் கைத்தடம் எடுப்பது இத்தனை பாடாக இருக்கிறது. பால் குடித்து அயர்ந்து தூங்கும் நேரம் நல்ல நேரம். அப்போது பிடி தளர்ந்திருக்கும்.

இரண்டாவது கதை அந்த வெள்ளைக் கோடுகள். ஜோசியம் பார்ப்பவர்கள் ஆயுள் ரேகை, புத்தி ரேகை என்று பெயர் சொல்லும் இவை கை மடங்கும் இடங்கள். புத்தகத்தின் முதுகு மடிப்பைப் போல, தோல் எங்கே மடங்க வேண்டுமோ அங்கே அது உள்ளே இருக்கும் திசுவோடு இறுக ஒட்டியிருக்கிறது. அந்த மடிப்புகள் வரும் முன் கையே உருவாக வேண்டும். கரு உருவாகி நான்காவது வாரத்தில் கைக்கான மொட்டு வெறும் புடைப்பாகத் தோன்றுகிறது. ஐந்தாறு வாரத்தில் அது படகுத் துடுப்பைப்போலத் தட்டையாகிறது. அப்போது விரல்கள் கிடையாது. பிறகு, விரல்களுக்கு இடையில் இருக்கும் செல்கள் வரிசையாக மடிந்துபோகின்றன. சிற்பி வேண்டாத கல்லைச் செதுக்கி எடுப்பதுபோல, இடையில் இருப்பது போனபின் எஞ்சுவதே ஐந்து விரல். எட்டாவது வாரத்தில் விரல்கள் தனித்தனியாகிவிடுகின்றன. மடிப்புக் கோடுகளும் மூன்றாம் மாதவாக்கில் வந்துவிடுகின்றன.

இதற்கிடையே விரல் நுனிகளில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏழாவது வாரத்தை ஒட்டிக் கருவின் விரல் நுனிகள் குட்டி மெத்தைகள்போல உப்புகின்றன. பத்தாவது வாரத்துக்குப் பின் அந்த மெத்தைகள் அடங்கத் தொடங்கும்போது அவற்றின் மேல் வரிகள் எழுகின்றன. 2023-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். மெத்தையின் நடுவில் ஒன்று, நகத்தின் கீழே ஒன்று, விரல் நுனி மடியும் கணுவில் ஒன்று என மூன்று இடங்களில் வரிகள் தொடங்கி, குளத்தில் அலை பரவுவதுபோல ஒன்றை நோக்கி ஒன்று நகர்கின்றன. அவை சந்திக்கும் விதத்தைப் பொறுத்து வடிவம் அமைகிறது. மெத்தை உயரமாக இருந்தால் சுழி, தாழ்ந்திருந்தால் வில், ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வளையம் வர வாய்ப்பு அதிகம். சிறுவயதில் விரல் நுனியில் எத்தனை சங்கு, எத்தனை சக்கரம் என்று எண்ணி விளையாடினோமே, அந்தச் சங்கும் சக்கரமும் இப்படி வந்தவை.

வரிகள் ஏன் சீரான இடைவெளியில் வருகின்றன? ஒரு வேதிப்பொருள் "இங்கே எழு" என்கிறது. இன்னொன்று பக்கத்தில் பரவி "இங்கே வேண்டாம்" என்கிறது. இரண்டின் இழுபறியில் வரியும் பள்ளமும் மாறி மாறி அமைகின்றன. இப்படிப்பட்ட இழுபறியால் உயிர்களின் உடலில் கோடும் புள்ளியும் தோன்றலாம் என்று கணிதத்தால் காட்டியவர் ஆலன் டூரிங், ஆண்டு 1952. கணினி அறிவியலுக்கு அடித்தளமிட்ட அதே டூரிங்தான். வரிக்குதிரையின் கோட்டை விளக்கும் கணக்கு என் பேத்தியின் சுண்டுவிரலுக்கும் பொருந்துகிறது. இந்த இழுபறியில் சிறு தற்செயல்களும் புகுந்துவிடுவதால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கும் ரேகை ஒன்றாக இருப்பதில்லை. ஆறாம் மாதத்துக்குள் எல்லாம் உறுதியாகிவிடும். குழந்தை வெளியுலகைப் பார்க்கும் முன்பே அதன் கையெழுத்து தயார்.

அப்படியானால் வளர வளர என்ன ஆகிறது? பிறந்த குழந்தையின் கை நீளம் ஏறத்தாழ 6 செ.மீ. வளர்ந்த பெண்ணின் கை ஏறத்தாழ 17 செ.மீ. மணிக்கட்டில் நமக்கு எட்டு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையை எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகத் தெரியும். எல்லாம் இன்னும் குருத்தெலும்பு. முதல் சில மாதத்தில் இரண்டு எலும்பாகும். கடைசி எலும்பு தெரிய ஒன்பது வயதுக்கு மேல் ஆகலாம். குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் இடது கையை எக்ஸ்ரே எடுப்பது இதனால்தான். உள்ளே இத்தனை மாறுகிறது. ஆனால் தோலின் மேல் புதிதாக ஒரு வரியும் பிறப்பதில்லை. இருக்கும் வரிகள் அகலப்படுகின்றன, அவ்வளவே. பெரியவர் விரலில் இரண்டு வரிகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர் இருக்கும். கைக்குழந்தைக்கு அதில் ஏறத்தாழப் பாதி. பலூனில் கோலம் வரைந்து ஊதினால் கோலம் பெரிதாகும், புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது அல்லவா? அதைப்போல.

இதை உலகுக்குக் காட்டிய சான்றுகளில் ஒரு குழந்தையின் விரல்பதிவும் ஒன்று. 1858 ஜூலையில் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலை போடும் பொருள் தருவதற்கான ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக் கையையும் மையில் பதிக்கவைத்தார். பின்னால் கையெழுத்தை மறுத்துவிடக்கூடாது என்ற எண்ணம்தான். பிறகு ஆர்வம் பற்றிக்கொள்ள, தன் கையையும் தெரிந்தவர்களின் கைகளையும் ஆண்டுக்கணக்கில் பதித்துச் சேர்த்தார். அவற்றில் 1877-இல் எடுத்தது இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றின் பதிவு. 1890-இல், அதே குழந்தை 15 வயதுச் சிறுவனானபோது, மறுபடி பதிவு எடுக்கப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்டன், 1892-இல் வெளியிட்ட தம் நூலில் அவற்றை அச்சிட்டார். பலருடைய பதிவுகளில் நூற்றுக்கணக்கான நுண்புள்ளிகளை அவர் ஒப்பிட்டும் மாறியிருந்தது ஒன்றே ஒன்று. குழந்தையின் விரலில் பிளந்திருந்த ஒரு வரி, சிறுவனின் விரலில் ஒன்றுசேர்ந்திருந்தது. மற்றவை அப்படியே இருந்தன.

வீட்டில் பதிவு எடுப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. சாயத்தைக் குழைத்துப் பூசினால் நுண்பள்ளங்கள் நிரம்பிவிடும். கையின் உருவமும் மடிப்பும் மட்டும் விழும். வரிகளும் வேண்டுமானால் ஸ்டாம்ப் பேடில் லேசாக ஒற்றி, வழவழப்பான தாளில் ஒரே அழுத்தாக வைத்து எடுக்க வேண்டும். பதித்ததும் கை வாய்க்குப் போகும் முன்னால் துடைத்துவிட வேண்டும்.

எதில் பதிப்பது என்பது தனி அறிவியல். மஞ்சள் நல்லதுதான், ஆனால் நிற்காது. மஞ்சள் கறை பட்ட துணியை வெயிலில் போட்டால் வெளுப்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். அதிலுள்ள குர்குமின் ஒளி பட்டால் சிதைந்துவிடும். காவி அப்படியல்ல. அது இரும்பின் ஆக்சைடு, அதாவது ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்த இரும்பு. இனி அதற்கு மாற எதுவுமில்லை. குகைகளில் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான சிவப்புக் கைகள் இன்னும் சிவப்பாகவே இருப்பது இதனால்தான்.

மாவில் பதிப்பவர்கள் இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஏறத்தாழ ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துப் பிசைகிறார்கள். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சைக்கு எட்டுவதில்லை. ஆனால் அதே குணத்தால் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து அது நமுத்துப்போகும். நன்றாகக் காயவைத்து வார்னிஷ் அடிக்க வேண்டும். அவ்வளவு உப்பு குழந்தையின் வயிற்றுக்குள் போவது ஆபத்து என்பதால் பிசைந்த மாவைக் கைக்கெட்டாமல் வைப்பது அவசியம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இன்னும் கவனம் தேவை. ஜிப்சம் கல்லை 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் அதனுள் கட்டுண்ட நீரில் முக்கால்வாசி வெளியேறிவிடும். அந்தப் பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றும்போது ஊசி ஊசியான படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னி இறுகுகின்றன. இறுகும்போது இம்மியளவு விரிவதால் நுண்ணிய கோட்டிலும் புகுந்து அச்செடுக்கும். கூடவே வெப்பமும் கிளம்பும்; கனமான கட்டியாக இருந்தால் 60 டிகிரி வரை ஏறக்கூடும். இறுகும் பிளாஸ்டருக்குள் கையை வைத்துத் தீக்காயம் பட்டு விரல்களை இழந்தவர்கள் உண்டு. எனவே குழந்தையின் கையைக் களிமண்ணிலோ மாவிலோ பதித்து, கையை எடுத்து, கழுவி, அதற்குப் பிறகுதான் அந்தக் குழியில் பிளாஸ்டர் ஊற்ற வேண்டும்.

பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் ஆல்ஜினேட் என்ற பொடியிலும் கையை முழுதாக வார்க்கலாம். பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து எடுப்பது இது. ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்துவரும் கட்டக்கோரைப் பாசியும் இதற்கான மூலப்பொருள். அலை அடிக்க அடிக்க ஒடியாமல் வளைந்து கொடுக்கப் பாசிக்கு உதவும் அதே பொருள், தண்ணீரில் கரைந்து கால்சியத்தைச் சந்தித்ததும் சில நிமிடத்தில் ரப்பர்போல உறைகிறது, சூடு கிளம்புவதில்லை. காய்ந்தால் சுருங்கும் என்பதால் கையை எடுத்த உடனே பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும்.

நிற்கவே வேண்டாம் என்று பதிப்பதும் நம்மிடம் உண்டு. கோகுலாஷ்டமி அன்று வாசலிலிருந்து பூஜை அறை வரை கண்ணன் பாதம் போடுகிறோம். கையை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் குழந்தையின் உள்ளங்கால் விழும். விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் கால்விரல்கள். பெரியவளின் கை குழந்தையின் கால் ஆகிவிடுகிறது. மறுநாள் அதில் எறும்புக்கும் பங்கு.

குழந்தையின் கையைப் பதிக்கும் ஆசை எவ்வளவு பழையது? ஸ்பெயினின் ஐந்து குகைகளில் உள்ள சுமார் 180 கைத்தடங்களை அளந்து 2022-இல் வந்த ஓர் ஆய்வு, அவற்றில் கால்வாசி வரை குழந்தைகளுடையவை என்றது. இரண்டு வயதுக் கையும் அதில் உண்டு. கையைப் பாறையில் வைத்து, சுற்றிலும் சாயத்தை ஊதி எடுத்த தடங்கள் அவை. இரண்டு வயதுப் பிள்ளை தானே கையை அசையாமல் வைத்து ஊதியிருக்க முடியாது. பக்கத்தில் யாரோ அந்த மணிக்கட்டைப் பிடித்திருக்க வேண்டும். பிரான்ஸின் ரூஃபினாக் குகையில் உயரமான கூரையின் மென்மையான பரப்பில் சின்ன விரல்கள் கோடிழுத்திருக்கின்றன. விரல் அகலத்தை அளந்த ஆய்வாளர்கள் ஐந்து வயதுவாக்கில் ஒரு சிறுமி என்றார்கள். அவளை யாரோ தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

அளவு சில நேரம் வேறு கதையும் சொல்லும். எகிப்தின் வாடி சூராவில் 2002-இல் கண்டறியப்பட்ட குகையில் பெரிய கைகளுக்கு நடுவே மிகச் சிறிய 13 கைகள் இருந்தன. பச்சைக் குழந்தையுடையவை என்றே பலரும் நினைத்தார்கள். பிரான்ஸில் ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் கைகளையும் குறைமாதக் குழந்தைகளின் கைகளையும் அளந்து ஒப்பிட்டு 2016-இல் வந்த முடிவு வேறாக இருந்தது. அவை மனிதக் கைகளே அல்ல. உடும்பு போன்ற பல்லியினத்தின் பாதமாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் மூத்தது திபெத்தில் இருக்கிறது. 4,200 மீட்டருக்கு மேலே குவெசாங் என்ற இடத்தில், வெந்நீர் ஊற்று படியவைத்த சுண்ணாம்புச் சேற்றில் ஐந்து கைத்தடங்களும் ஐந்து கால்தடங்களும் பதிந்து, சேறு இறுகிக் கல்லாகிவிட்டது. 2021-இல் வெளியான கணிப்பின்படி அவற்றின் வயது 1,69,000 முதல் 2,26,000 ஆண்டுகள். காலின் அளவு ஏழு வயதுக் குழந்தையை, கையின் அளவு பன்னிரண்டு வயதுக் குழந்தையைக் காட்டுகிறது. இது கலையா, விளையாட்டா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். ஈரச் சேற்றைக் கண்டால் கையை வைக்காத பிள்ளை உண்டா என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அதே கெட்டித் தாளில், பழைய தடத்துக்குப் பக்கத்தில், பிறந்தநாள்தோறும் வலது கை. அதோடு வலது கட்டைவிரல் மட்டும் ஸ்டாம்ப் பேடில் தனியாக. பேத்திக்கு மூன்று வயதானபோது எடுத்ததில் முதன்முறையாக வரிகள் தெளிவாக விழுந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விரலின் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் ஒரு வரி இரண்டாகப் பிரிந்து கவட்டையாக நிற்கிறது. நான்காம் வயதிலும் அது அங்கேயே இருந்தது, கொஞ்சம் அகன்று. "பாட்டி, இது நானா?" என்று அந்த ஐந்து மாதக் கைத்தடத்தின் மேல் தன் கையை வைத்தாள். கீழே இருந்த கை முழுதாக மறைந்துவிட்டது.