ஓரிரவுப் பூவும் ஒளிப்படக் கணக்கும்

மொட்டினை நாம் கண்டிருக்கிறோம். மலர்ந்த பூவையுங் கண்டிருக்கிறோம். இரண்டுக்கும் இடையே நிகழும் அசைவோ கண்ணுக்குப் புலனாகாத மந்தகதியில் நிகழ்வது. அதனைப் புலப்படுத்தும் உபாயமே ‘டைம் லாப்ஸ்’ எனப்படும் இடைவெளிப் படப்பிடிப்பு. குறித்த இடைவெளிக்கு ஒரு படமாக எடுத்து, அவற்றைச் செக்கனுக்கு 25 வீதம் ஓடவிடின், மணித்தியாலங்கள் செக்கன்களாய்ச் சுருங்கும். ஆங்கிலேயரான பேர்சி சிமித் 1910 ஆம் ஆண்டிலேயே இம்முறையாற் பூக்கள் மலர்வதைத் திரையிற் காட்டினார்.

இன்று கமராவும் கணினியும் உடைய எவரும் இதனைச் செய்யலாம். ஆயினும், “குறையிருப்பின் பின்னர் கணினியில் திருத்திக்கொள்ளலாம்” என்னும் எண்ணமே பலரைக் கெடுக்கின்றது.

யானும் அவ்வாறு கெட்டவனே. எங்கள் வீட்டில் நிசாகந்திச் செடியொன்று இருந்தது. சிங்களத்திற் கடுபுல் என வழங்கும் அப்பூ இரவில் மலர்ந்து விடியுமுன் வாடிவிடும். நோயுற்றிருந்த தாயாருக்கு மறுநாட் காலையிற் காட்ட எண்ணி, கமராவைத் தானியங்கு நிலையில் விட்டு உறங்கிவிட்டேன். அதுவோ ஒவ்வொரு படத்துக்கும் ஒளியைப் புதிதாய் மதிப்பிட்டது. “ஏன் தம்பி, பூ மின்னி மின்னிக் கிடக்குது?” என்றார் தாயார். நடுவிற் பற்றரியும் ஓய்ந்தமையால், பூ பாதி விரிந்தபடியே படம் முடிந்தது. அச்செடி மறுமுறை பூத்தபோது காண்பதற்கு அவர் இருக்கவில்லை.

ஆகவே, முதலில் வேண்டுவது கணக்கு. பூ விரிய நான்கு மணித்தியாலம், அதாவது 14,400 செக்கன், எனக் கொள்வோம். முடிந்த படம் 12 செக்கன் ஓடவேண்டுமாயின் 300 படங்கள் தேவை. 48 செக்கனுக்கு ஒன்று எடுத்தாற் போதும். எனினும் 15 செக்கனுக்கு ஒன்றாக 960 படங்கள் எடுப்பதே நன்று. ஓட்டம் மெதுவாயிருப்பின் இடையிடையே சிலவற்றை நீக்கலாம். எடாத படத்தைச் சேர்ப்பதோ அரிது. ஒரு படத்தின் மூலக்கோப்பு 25 மெகாபைற் எனின், மெமரி காட்டில் 24 கிகாபைற் இடம் வேண்டும். பற்றரியை நம்பாது வீட்டு மின்சாரத்தை இணைத்தல் சாலச் சிறந்தது.

இரண்டாவது, கமராவின் விருப்புக்கு எதனையும் விடலாகாது. ஒளிபடும் நேரம், குவியம், நிறச்சமநிலை யாவற்றையுங் கையால் நிலைநிறுத்துக. வில்லையின் துவாரம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மயிரிழை வேறுபடும். அதனாலும் மினுக்கம் உண்டாகும். துவாரத்தை முழுவதுந் திறந்து வைத்தால் இக்குறை நீங்கும். அப்போது தெளிவாய்த் தெரியும் ஆழம் குறையுமாதலின், கமராவைச் சற்றுப் பின்னே நிறுத்துக. விளக்கு ஒன்றே போதும். ஆனால் அஃது இரவு முழுவதும் ஒரே சீராய் எரிதல் வேண்டும். காற்றுப் படாத மூலையிற் செடியையும், எவர் காலும் இடறாத இடத்தில் முக்காலியையும் வைக்குக.

மூன்றாவது, சட்டகம். 6000க்கு 4000 புள்ளிகள் கொண்ட ஒளிப்படத்தை 16க்கு 9 என்னும் திரையளவுக்கு வெட்டும்போது உயரத்தில் 625 புள்ளிகள் போய்விடும். மொட்டு விரியுங்கால் இடமும் அடைக்கும். ஆதலின் மொட்டைச் சுற்றித் தாராளமாக வெளி விடுக.

இறுதியாக, முதல்நாளிரவே அதே விளக்கொளியிற் பத்து நிமிடம் ஒத்திகை பாருங்கள். கிடைக்கும் 40 படங்களையும் கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரைச் செக்கனே ஓடும்; ஆயினும் மினுக்கமும் அசைவும் அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

மாணவத் தம்பியரே, கணினி பல குறைகளைத் திருத்தவல்லது. படம்பிடியாத கணத்தை அது தரவல்லதன்று. கல்லூரியிற் புதிய கட்டடம் எழும்போதோ, வீட்டுச் செடியில் மொட்டு முதிரும்போதோ படமெடுக்க முனைவீராயின், கமராவுக்கு முன்னர் தாளையும் பென்சிலையும் எடுங்கள்.