"சார், வலி இல்லே... ஆடிடறேன்!"

கைப்பந்து வீரர்களின் கால்களுக்குக் காவல் நிற்கும் 'பிசியோதெரபிஸ்ட்'

சீனாவில் ஹாங்சோ நகரம். 2023 செப்டம்பர் 20-ந் தேதி. ஆசிய விளையாட்டுப் போட்டி.

கைப்பந்தில் இந்தியாவும் தென்கொரியாவும் மோதின. கொரியா சாமான்யமான அணி அல்ல. 2018 ஆசியப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய அணி!

முதல் செட் கொரியாவுக்கு. அடுத்த இரண்டும் இந்தியாவுக்கு. நாலாவது மறுபடி கொரியாவுக்கு. ஐந்தாவது செட்டை 17-15 என்று முடித்து இந்தியா ஜெயித்தது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டமும் குதியும்தான்!

ரசிகர்களுக்கு அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஆனால், இப்படி ஒரு ஆட்டம் முடிந்த பிறகுதான் ஒருவருக்கு வேலை ஆரம்பம். எந்த நாட்டு அணியானாலும் சரி, அவர் இல்லாமல் வண்டி ஓடாது. அவர்தான் அணியின் 'பிசியோதெரபிஸ்ட்'.

ஏன் என்கிறீர்களா? முந்தின நாள்தான் கம்போடியாவோடு ஆடியிருந்தது இந்தியா. 22-ந் தேதி சீன தைபேயோடு அடுத்த ஆட்டம். நடுவில் ஒரே ஒரு நாள். அதற்குள் அத்தனை கால்களும் மறுபடி துள்ளியாக வேண்டும்.

துள்ளின. தைபேயை 3-0 என்று இந்தியா வென்றது!

வலைக்குக் கீழே வம்பு

ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர். கிட்டத்தட்ட 8 அடி. அதற்கு மேலே எழும்பி அடிக்க வேண்டும். எழும்பித் தடுக்க வேண்டும். எழும்புவதில் அவ்வளவு ஆபத்து இல்லை. இறங்குவதில்தான் இருக்கிறது.

சர்வதேசக் கைப்பந்து சம்மேளனம் 2010 முதல் 2014 வரை பெரிய போட்டிகளில் ஏற்பட்ட காயங்களைக் கணக்கெடுத்தது. 100 காயங்களில் 26 கணுக்காலில். 15 முழங்காலில். 11 விரல்களில். 9 இடுப்பில்.

கணுக்கால் ஏன் முதலிடம்? நடுக்கோட்டைத் தாண்டிக் கால் வைக்கலாம். பாதத்தில் கொஞ்சமாவது கோட்டின் மேல் இருந்தால் போதும் என்பது விதி. பந்தை அடித்தவரின் கால் அப்படிக் கோட்டைத் தாண்டி இறங்கும். எதிரே தடுக்கக் குதித்தவர் அந்தப் பாதத்தின் மேலேயே இறங்குவார்.

மளுக்!

நாலு அடி நட!

ஆட்டம் நிற்கும். பெஞ்சிலிருந்து பையோடு ஓடுவார் பிசியோதெரபிஸ்ட். கோச் பார்க்கிறார். கூட்டம் பார்க்கிறது. 'டெலிவிஷன்' பார்க்கிறது.

"சார், வலி இல்லே சார். ஆடிடறேன்!"

எந்த நாட்டு வீரனும் தன் பாஷையில் இதைத்தான் சொல்வான். அவனுக்குத் தெரியும், அவன் இடத்துக்கு இன்னொருவன் காத்திருக்கிறான் என்று. நம் நாட்டிலோ ரயில்வே, போலீஸ், வங்கி என்று வேலையே ஆட்டத்தால் கிடைத்தவர்கள் எத்தனையோ பேர். இடம் போய்விட்டால்?

"சரி தம்பி, எழுந்து நாலு அடி நட, பார்ப்போம்!"

நாலு அடி நடக்க முடியவில்லையா? கணுக்கால் எலும்பின் குறிப்பிட்ட இடங்களை அமுக்கினால் துடிக்கிறானா? அப்படியானால் 'எக்ஸ்ரே'. பேச்சே இல்லை.

மாற்று ஆளை இறக்கவே வழி இல்லை என்றால் விதி கொடுக்கும் அவகாசம் மூன்றே நிமிஷம். அதுவும் ஒரு வீரனுக்கு ஒரு ஆட்டத்தில் ஒரே தடவை. காயத்துக்காக விசேஷ மாற்று முறையில் வெளியே அனுப்பினாலோ, அவன் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது. 'போ' என்பதா, 'உட்கார்' என்பதா? அந்த அவசரத்தில் சொல்லியாக வேண்டும்!

வலியே இல்லாத காயம்

வலி என்று சொன்னாலாவது பிடித்துவிடலாம். சொல்லாத காயமும் உண்டு.

1985 ஐரோப்பியப் போட்டியில் இத்தாலிய டாக்டர்கள் 96 வீரர்களைப் பரிசோதித்தார்கள். 12 பேருக்குத் தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கும் ஒரு தசை பலம் குன்றிப்போயிருந்தது. எல்லாருக்கும் பந்தடிக்கும் கையில்தான்! நரம்பு பாதிக்கப்பட்டதால் வந்த வினை. வேடிக்கை என்னவென்றால், வலிக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவேதான் நல்ல பிசியோதெரபிஸ்ட் கேட்டதோடு விடமாட்டார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைத் தடவிப் பார்ப்பார்.

பாதியாகக் குறைந்த சுளுக்கு

பிளாஸ்திரி சுற்றுவதும் உருவிவிடுவதும்தான் இந்த வேலை என்று நினைத்தால் தப்பு. காயம் வராமல் பார்ப்பதே பெரிய வேலை.

நார்வேயில் 1990-களில் ஒரு காரியம் செய்தார்கள். எழும்புவது, இறங்குவது இரண்டையும் வீரர்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆடும் பலகையில் ஒற்றைக் காலில் நிற்கப் பழக்கினார்கள். கணுக்கால் சுளுக்கு சுமார் பாதியாகக் குறைந்தது! செலவு? ஒரு மரப் பலகை!

ஒரு தடவை சுளுக்கிய கணுக்கால் அடுத்த சில மாதங்களில் சுலபமாக மறுபடி சுளுக்கிக்கொள்ளும். வீக்கம் வடிந்துவிட்டது என்று வீரன் குதிக்கத் துடிப்பான். "இன்னும் பலகை ஏறு" என்று இவர் இழுத்துப் பிடிப்பார்.

அதற்காக எப்போதும் தடை போடுகிறவர் என்றும் சொல்ல முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவோடு மோதியது போலந்து. பந்து எடுத்துக் கொடுக்கும் யானுஷுக்கு முதுகில் பிடித்துக்கொண்டது. பின்வரிசையைக் காக்கும் சடோர்ஸ்கிக்குத் தோளில் அடி. இருவரும் வலியோடு ஆடினார்கள். 3-2 என்று வென்று, 1976-க்குப் பிறகு முதன்முறையாகப் போலந்து இறுதிக்குப் போனது. இறுதியில் பிரான்சிடம் 0-3 என்று தோற்றது. இந்த வலியோடு ஆடலாம், அந்த வலியோடு கூடாது என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த நாற்காலி.

காலையில் ஒரு கேள்வி

மிகவும் படுத்துவது முழங்கால்தான். ஓயாமல் குதிப்பதால் முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் நைந்துபோகிறது. 'குதிப்பவர் முழங்கால்' என்றே அதற்குப் பெயர். நார்வேயின் முன்னணிக் கைப்பந்து வீரர்களைப் பரிசோதித்து 2005-ல் வெளியிட்ட கணக்கின்படி, 100-க்கு சுமார் 45 பேருக்கு இது இருந்தது.

படுத்து ஓய்வெடுத்தால் மட்டும் போகாது. சரிவுப் பலகையில் நின்று மெதுவாக உட்கார்ந்து எழ வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்ற வேண்டும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். போட்டியோ அடுத்த வாரம்!

இழுபறி இங்கேதான். கோச்சுக்கு இந்த ஆட்டம் வேண்டும். வீரனுக்கு இந்த வருஷம் வேண்டும். ஆட்டத்தை விட்ட பிறகும் அவன் இருபது, முப்பது வருஷம் பஸ் ஏற வேண்டும், மாடி ஏற வேண்டும். அந்த வருஷங்களுக்காகப் பேச அங்கே பிசியோதெரபிஸ்ட்டை விட்டால் வேறு ஆள் இல்லை.

அதனால்தான் ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் அவர் கேட்கும் கேள்வி ஸ்கோரைப் பற்றியது அல்ல.

"தம்பி, படி இறங்கி வந்தியே... முட்டி வலிச்சுதா? நிஜத்தைச் சொல்லு!"

பதிலைப் பொறுத்துத்தான் அன்றைக்கு அவனுக்கு எத்தனை குதி என்பது முடிவாகும்.